வளைவில் திறந்துகொண்ட கதவு

பிள்ளைகளே, உங்கள் அப்பா நான் ஒரு பந்தயக் காரில் வேலை செய்தேன் என்றால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தக் காரின் அடிச்சட்டத்தை, அதாவது சேசிஸை, உறுதியாக்கியது இந்தக் கைதான்.

நீங்கள் பிறப்பதற்கு முன், மலைநாட்டில் வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரை ஒட்டிய பட்டறையில் நான் பிட்டராக இருந்தேன். தோட்டத்தின் துணை மேனேஜரான எங்கள் சின்னதொரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய பந்தயக் கார் ஒன்று இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தொரையிடம் வாங்கியது. ஓட்டுவது அவர், பக்கத்து இருக்கையில் அவருடைய நாய்.

ஒருநாள் ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில் கார் திரும்பும்போது கதவு தானாகத் திறந்துகொண்டது. நாய் பறந்துபோய்த் தேயிலைச் செடிமேல் விழுந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையிடம் வந்தார்கள்.

“கணக்கப்பிள்ளை ஐயா, இதையும் கொழுந்தோட சேத்து நிறுப்பீங்களா?” என்று ஒருத்தி கேட்க, மலையே சிரித்தது.

நாய்க்கு அடி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அது காரில் ஏற மறுத்துவிட்டது.

பூட்டைப் பார்க்கும்படி தொரை சொன்னார். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒரு முன்சக்கரத்தை மட்டும் கட்டைமேல் ஏற்றிப் பார்த்தேன், கதவு மூடவில்லை. கட்டையை எடுத்ததும் மூடியது. விஷயம் புரிந்துவிட்டது. காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. இந்தக் காரில் அவை மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்திருந்தன. வளைவில் அவை முறுக்கிக்கொள்ள, கதவு கோணி, பூட்டு கழன்றது.

“பூட்டு இல்லைங்க தொரை, சேசிஸ் முறுக்குதுங்க.”

“ஏப்ரல்ல நுவரெலியா பந்தயம். மலை முழுக்க வளைவு. நான் போறது போறதுதான்,” என்றார் தொரை. “இந்த வாட்டி என் பக்கக் கதவு தொறந்தா விழுறது நாய் இல்ல, நான்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தேயிலைச் செடி இருக்காது.

எங்கள் பட்டறையில் உறுதி என்றால் கனம். மெஷின் ஆடினால் அடியில் இன்னொரு இரும்பைப் போடுவோம். அதே பழக்கத்தில், கொழுந்து காயப்போடும் மாடியில் கழற்றிய தடித்த இரும்புகளைச் சட்டத்தோடு வைத்து வெல்டிங் செய்தேன். கதவு அசையவில்லை. காரும்தான் அசையவில்லை! ஸ்டோர் ஏற்றத்தில் கொழுந்து லொறி அதை முந்திக்கொண்டு போனது.

“என்னண்ணே, காருக்குள்ள கொழுந்து உருட்டுற ரோலர் மெஷினையும் ஏத்திட்டீங்களா?” என்றான் லொறி டிரைவர்.

லயத்தில் இருந்த எங்கள் வரிசை வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா மூடி கழன்ற தேயிலைப் பெட்டியோடு நின்றாள். துணிமணி வைக்கிற பெட்டி. தொட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோணியது.

“காருக்கு இரும்பு இரும்பாப் போடுறீங்க. வீட்டுப் பெட்டிக்கு ஒரு மூடி அடிக்க நேரமில்ல.”

சுத்தியலை எடுத்து மூடியை அடித்தேன். அவள் உடனே அதன்மேல் ஏறி நின்று, பரணில் இருந்த பானையை இறக்கினாள். பெட்டி அசையவே இல்லை. பலகையோ விரல் கனம்கூட இல்லை. நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, பேயடிச்ச மாதிரி?”

“எறங்காத, அப்படியே நில்லு,” என்றேன்.

மறுநாளே தடித்த இரும்புகளை வெட்டி எறிந்தேன். காரின் மேல்கூட்டைக் கழற்றி, சட்டங்களின் திறந்த பக்கத்தை, பெட்டிக்கு மூடி அடித்த மாதிரி, மெல்லிய தகட்டால் மூடினேன். ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் இரும்பு வளையும். ஆகவே இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், ஆறவிட்டு ஆறவிட்டு. ஒவ்வொரு தடவையும் மூலைக்கு மூலை நூல் பிடித்துக் கோணல் பார்த்தேன். மேல்கூட்டைத் திரும்பப் பூட்டி, சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றியபோது, கதவு ஒரு விரல் தள்ளலில் மூடியது.

“செஞ்சவன்தான் மொதல்ல ஏறணும். வா,” என்றார் தொரை.

பட்டறைப் பக்கம் வந்த உங்கள் அம்மா காதில் அது விழுந்துவிட்டது. “நாய்க்காவது செடி மேல விழத் தெரிஞ்சிச்சு. உங்களுக்கு?”

“நான் விழமாட்டேன்,” என்று ஏறிக்கொண்டேன். அதே வளைவில் தொரை வேகத்தைக் குறைக்கவே இல்லை. மலையிலிருந்த பெண்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். கதவு கப்பென்று மூடியே இருந்தது. திரும்பி வந்து நான் இறங்கியதும் நாய் அந்த இருக்கையை மோந்து பார்த்தது, ஏறிக்கொண்டது.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு நானும் போனேன். முதல் பரிசு வேறு யாருக்கோ. எங்கள் கார் எல்லா வளைவும் ஏறி, இறங்கி வந்து என் முன்னால் நின்றது. தொரை உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பிய பிறகுதான் கதவு திறந்தது.