மணல் மூட்டை வைக்க விடாத வாசல்

மழை வரப் போகிறது, தயாராக இருங்கள் என்று டிவியில் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பிடித்து வையுங்கள், செல்போனுக்கு சார்ஜ் போடுங்கள். எல்லாம் சரி. கரண்ட் போனால் என் வீட்டுக்காரருக்கு உடம்பு எரியுமே, அதற்கு ஒரு வழி சொல்லுங்களேன்.

அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவர். விபத்தில் முதுகு, நெஞ்சு, இரண்டு கை எல்லாம் வெந்துபோய், தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் வியர்க்காது. சூடு உள்ளேயே நிற்கும். ஃபேன் நின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து மூச்சு வாங்கும், பிறகு பேச்சு குழறும். அதனால்தான் இன்வெர்ட்டர் வாங்கினோம். ஒற்றை அறை வீட்டில் கட்டில், பீரோ, அடுப்பு போக மிஞ்சியது வாசலை ஒட்டிய மூலைதான். அங்கே இரண்டு செங்கல் கொடுத்து அதையும் பேட்டரியையும் வைத்தேன்.

எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டார்கள், அதன் மேலேயே இன்னொரு ரோடும் போட்டார்கள். தெரு உசந்துவிட்டது, வீடு பள்ளமாகிவிட்டது. பெரிய மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே வரும் என்று தெரிந்து, இரண்டு மணல் மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தேன்.

அப்படி ஒரு மழை ஒரு நாள் மத்தியானம் பிடித்தது. நான் திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிறவள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நனைந்துகொண்டே ஓடி வந்தேன். கரண்ட் அதற்குள் போயிருந்தது, இன்வெர்ட்டரில் ஃபேன் ஓட, அவர் கட்டிலில் படுத்திருந்தார். மூட்டைகளை இழுத்து வாசலில் போட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

"ஏ, இந்தா! வாசல்ல என்னத்தப் போடுற? எடு அத!"

"தண்ணி உள்ள வந்துரும்ங்க. பேட்டரி போயிரும்."

"போனாப் போகுது. எடுன்னா எடு!"

கட்டிலிலிருந்து இறங்கியே விட்டார். எனக்குக் காரணம் தெரியும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்கு நான்கு பக்கமும் கதவு இருக்கும், எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். வாசலில் ஒரு சாக்குகூட இருக்கக் கூடாது. விபத்து நடந்த அன்றைக்கு சீசன் அவசரத்தில், லோடு ஏற்ற வேண்டிய அட்டைப்பெட்டிகளை ஒரு வாசலில் அடுக்கிவிட்டார்கள். இவர் திறந்திருந்த பக்கம் ஓடினார். கூட வேலை பார்த்த அக்கா பெட்டி அடுக்கிய பக்கம் ஓடினார். அதிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தாலும் இவருக்கு ஆகாது. கதவைச் சாத்தினால் தூக்கத்திலும் எழுந்துவிடுவார். களவாணிக்குச் சௌகரியமாகத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் மனதுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. ஓடித் தப்பிக்க வழி வேண்டும் என்று நினைக்கிற மனுசனுக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் நான் என்ன பாடும் படுவேன்.

மூட்டைகளை எடுத்தேன். எதிர்வீட்டுப் பெண் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"யக்கா, ஏங்க்கா அத எடுக்கீக? எல்லாம் முங்கிரும்க்கா!"

முங்கத்தான் செய்தது. செங்கலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அடங்கியது. ஃபேன் நின்றது. மழைக் குளிரில் அப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் சுள்ளென்று வெயில். கம்பங்கள் சாய்ந்து கிடந்ததால் கரண்ட் வரவில்லை. புழுக்கமென்றால் அப்படி ஒரு புழுக்கம். வேட்டியை நனைத்து நனைத்துப் போர்த்தினேன். நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் மாறி மாறிக் காலண்டர் அட்டையால் விசிறினோம். ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்றார். அதற்கடுத்த நாள் மத்தியானம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விசிறுனது போதும். கதவச் சாத்திரு."

"வெளிச்சம் கண்ணு கூசுதாங்க?"

"அதெல்லாம் இல்ல. தொறந்து கெடந்து என்னத்துக்கு? இனி நான் எங்கன ஓடப் போறேன்?"

நான் சாத்தவில்லை. அடுப்படிப் பக்கம் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

அன்று பொழுது சாய்ந்தபோது கரண்ட் வந்தது. பிறகு வேறு பேட்டரியும் வந்தது, இந்தத் தடவை சுவரில் பலகை அடித்து உயரத்தில் ஏற்றிவிட்டோம். அவருக்கு உடம்பும் தேறிவிட்டது. வீடு இனி எந்த மழைக்கும் தயார். கதவைச் சாத்தினால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வானம் இருட்டும்போதெல்லாம் நான் மணல் மூட்டையைச் சத்தம் வர இழுத்து வாசலில் போட்டுவிட்டு, ஒரு தடவையாவது எடுக்கச் சொல்லி அதட்ட மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.