பீரோவுக்குள் காசியம்மா

காரைக்காலில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அப்புறம் நோட்டீஸ் அனுப்புவார்கள். அதன் இரண்டாவது மாடியில் பொது மருத்துவப் பிரிவு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்தது போதாதென்று எம்.டி. படிக்க வருகிறவர்கள் மூன்று வருடம் அங்கே கிடந்து அல்லாட வேண்டும். அவர்களை அல்லாட வைக்கும் பொறுப்பு, துறைத் தலைவர் டாக்டர் ஆக்சிலியாவுடையது.

ஆக்சிலியா என்றால் சகாயம்; சகாய மாதாவின் பெயரை வைத்திருந்தார்கள். சகாயத்தை அவர் பெயரோடு நிறுத்திக்கொண்டார். காலை எட்டு மணி ரவுண்ட்ஸுக்கு எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு வந்தவனை, "வாங்க, பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிட்டு வந்தீங்களா?" என்று வரவேற்பார். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். நோயாளியின் நகத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லுவார், மீதியை மாணவனைத் திட்டிக்கொண்டே சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வரிசையில் நிற்கும்போதும் முன்னால் நிற்பவரின் கணுக்கால் வீக்கத்தைக் கவனித்துக்கொண்டுதான் நகர்வார். கோவில்பத்தில் வீடு. கணவர் யேசுராஜுக்கு மின்துறையில் வேலை. வீட்டில் பிரஷர், சர்க்கரை என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று அவர் முதல் வருடமே ஒப்பந்தம் போட்டுக்கொண்டதால் குடும்பம் பிழைத்தது.

ஆக்சிலியாவுக்கு ஒரே ஒரு பெருமை. தலைவராகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் துறையில் ஒருவரும் இறுதித் தேர்வில் தோற்றதில்லை. இதை அவர் தாமாகச் சொல்ல மாட்டார். யாராவது கேட்கும்படி பார்த்துக்கொள்வார்.

அந்தப் பெருமைக்கு இந்த வருடம் வந்து சேர்ந்த வினை உத்திராபதி. திருநள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம், வயது இருபத்தொன்பது. கெட்டிக்காரன்தான், ஆனால் வேகம் என்ற ஒன்றை அவனிடம் யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஐந்து நோயாளிகளைப் பார்த்து முடிக்கும் நேரத்தில் அவன் ஒரு கிழவரிடம் அவருடைய கொழுந்தியாளின் குடல்வால் ஆபரேஷன் வரை கேட்டு முடித்திருப்பான். "நோயாளியைப் பாக்கப் போனியா, சம்பந்தம் பேசப் போனியா?" என்று ஆக்சிலியா கத்தாத நாள் கிடையாது. அவன் தலையாட்டுவான். அடுத்த நாள் அதே கதைதான்.

தேர்வு எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான்கு பேர் எழுதினால் நான்கு நோயாளிகளைப் படுக்க வைப்பார்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தப் படுக்கை என்று முடிவாகும். ஒரு மணி நேரம் நோயாளியிடம் கேட்டு, தொட்டு, தட்டிப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் முன் நோய் இன்னதென்று சொல்ல வேண்டும். நோயாளியின் கேஸ் ஷீட்டை மாணவன் கண்ணில் காட்டக் கூடாது. அதில்தான் விடை இருக்கிறது.

பரீட்சைக்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் சில நோயாளிகள் உண்டு. இங்கே அது காசியம்மா. ஐம்பத்தெட்டு வயது, திருநள்ளாற்றில் லாட்ஜுகள் இருக்கும் தெருவில் இட்லிக் கடை. சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போனவள். அந்த வால்விலிருந்து வரும் முணுமுணுப்புச் சத்தம் அவ்வளவு சுத்தமாக வேறு எந்த நெஞ்சிலும் கேட்காது. பன்னிரண்டு வருடமாக ஒரு தேர்வுகூட விட்டதில்லை. போக வர ஆட்டோ, மதியம் ஒரு பிரியாணிப் பொட்டலம், கிளம்பும்போது "காசியம்மா இல்லன்னா நாங்க இல்ல" என்று டாக்டரம்மா வாயால் ஒரு வார்த்தை. கடைசியில் சொன்னதுக்காகத்தான் அவள் வந்தாள்.

விடையும் சொல்லித் தருவாள். மாணவன் விழித்தால், கூரையைப் பார்த்துக்கொண்டே "மைட்டலு ஸ்டெனோசு" என்று தன் நோயின் பெயரை முனகுவாள். ஸ்டெத்தைத் தப்பான இடத்தில் வைத்தால் கையைப் பிடித்து நகர்த்தி வைப்பாள். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு தம்பி, அப்பதான் கேக்கும்" என்பாள். ஆக்சிலியாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும், அது அவரிடம் இருந்தது.

காசியம்மாவின் கேஸ் ஷீட் மாணவர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அதைத் தம் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி எப்போதும் அவர் கோட்டுப் பையில் இருக்கும்.

இந்த வருடம் மே மாதம், கத்திரி வெயிலில் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் டாக்டர் ஹரிஹரன் என்று ஒருவர். மெதுவாகப் பேசி வேகமாகத் தோற்கடிப்பவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு. ஆக்சிலியா உத்திராபதியை நினைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் அவனிடம் போய் முடியப்போகிறது. அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். குலுக்கும் டப்பாவில் மூன்று சீட்டைப் போட்டார். காசியம்மாவின் படுக்கை எண் எழுதிய நான்காவதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். உத்திராபதி எங்கும் கடைசியாகத்தான் வருவான் என்பது ஊரறிந்தது. மூன்று பேர் எடுத்த பிறகு சீட்டை டப்பாவுக்குள் நழுவவிட்டு அவனிடம் நீட்டினார். மனசாட்சி லேசாக உறுத்தியது. ஒரு வாய் டீ குடித்ததும் சரியாகிவிட்டது.

பிறகு நர்ஸ் மேஜையருகே நின்று தூரத்திலிருந்து பார்த்தார். பத்து நிமிடம் ஆயிற்று, உத்திராபதி பேசிக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் ஆயிற்று, அப்போதும் பேச்சுதான். காசியம்மா கூரையைப் பார்த்து முனகுவது தெரிந்தது. அவன் சிரித்துவிட்டு மறுபடி ஏதோ கேட்டான். ஸ்டெத் கழுத்தில் சும்மா தொங்கியது. அப்புறம் அவளை முட்டி போட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினான். திரும்பத் திரும்பத் தட்டினான். இதயம் நெஞ்சில் இருக்கிறது, இந்தக் கடன்காரன் கணுக்காலில் தேடுகிறானே என்று ஆக்சிலியா பல்லைக் கடித்தார். கடைசி பத்து நிமிடத்தில்தான் அவன் ஸ்டெத்தைக் காதில் மாட்டினான்.

மணி அடித்தது. ஹரிஹரன் படுக்கையருகே வந்தார், ஆக்சிலியா அவர் பக்கத்தில் நின்றார். உத்திராபதி வால்வைப் பற்றி ஒழுங்காகவே சொன்னான். ஆக்சிலியாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அத்தோடு நிறுத்தித் தொலைக்கக் கூடாதா?

"ஆனா சார், இப்ப அவங்களைப் படுத்துறது அது இல்ல."

ஹரிஹரன் நிமிர்ந்து பார்த்தார். உத்திராபதி தன் வேகத்திலேயே சொன்னான். இரண்டு வருடமாக உடம்பு ஊதுகிறது, குரல் கரகரத்துவிட்டது, மலச்சிக்கல், கை கால் தோல் வறண்டு கிடக்கிறது, புருவத்தின் ஓரத்தில் முடி இல்லை. படபடப்புக்காக ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள், அது ஆரம்பித்தும் இரண்டு வருடம். அந்த மாத்திரை தைராய்டை அடக்கிவிட்டது. இப்படியே போனால் ஏற்கெனவே நொந்த இதயம் தாங்காது.

ஹரிஹரன் சுத்தியை வாங்கித் தாமே தட்டினார். பாதம் சட்டென்று உதைத்தது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்ப அதற்கு மனசே வரவில்லை. தைராய்டு குறைந்தவர்களுக்கு அப்படித்தான். அதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடித்துக் காட்டுகிறவர் ஆக்சிலியா.

அந்த மாத்திரையை எழுதியதும் அவர்தான். அது தைராய்டைக் கெடுக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். காசியம்மாவுக்கு யார் பார்த்தது? மாதாமாதம் வார்டுக்கு வந்து மாத்திரை வாங்கிப் போவாள். ஒரு மாணவன் போன மாதச் சீட்டைப் பார்த்து இந்த மாதச் சீட்டை எழுதுவான், ஆக்சிலியா நடந்துகொண்டே கையெழுத்துப் போடுவார். போன தேர்வுக்கு அவள் முகம் ஊதி வந்தபோது, "இட்லி விக்கிறீங்களா, எல்லாத்தையும் நீங்களே திங்கிறீங்களா?" என்று கேட்டு வார்டையே சிரிக்க வைத்தது ஞாபகம் வந்தது. அவருக்குக் காது சுட்டது.

"இந்த மாத்திரையை ஆரம்பிச்சது யாரு?" ஹரிஹரன் கேட்டார்.

"தெரியல சார். கேஸ் ஷீட் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல" என்றான் உத்திராபதி. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

"வெளியில எவனாவது எழுதிக் குடுத்திருப்பான். எழுதுறதோட சரி, அப்புறம் திரும்பிப் பாக்க மாட்டானுங்க." ஹரிஹரன் ஆக்சிலியாவைப் பார்த்து ஆமோதிப்பை எதிர்பார்த்தார்.

ஒரு தலையாட்டல் போதும். பையன் தேறிவிட்டான், பன்னிரண்டு வருடம் பதின்மூன்றாகிவிடும். நாளைக்கு யாருக்கும் தெரியாமல் ரத்தம் எடுத்து, மாத்திரையை மாற்றிவிடலாம். கோட்டுப் பையில் சாவி தொடையில் குத்தியது. ஆக்சிலியா தலையாட்டவில்லை, வாயும் திறக்கவில்லை.

அவர் திணறுவது காசியம்மாவின் கண்ணில் பட்டது. விழிக்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவள் அவள்.

"ஆமாங்கய்யா. வெளியிலதான். டவுன்ல ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. எங்க டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு ஆக்சிலியாவைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

இத்தனை வருடத்தில் ஆக்சிலியாவை யாரும் இவ்வளவு கேவலமாக உணர வைத்ததில்லை. நேராகத் தம் அறைக்குப் போனார். பீரோவைத் திறந்து, தூசு படிந்த அந்தக் கேஸ் ஷீட்டை எடுத்து வந்து ஹரிஹரன் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் மாத்திரையின் பெயர் இருந்தது. அதன் கீழே 'ஆறு மாதத்தில் தைராய்டு பார்க்கவும்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தது. எல்லாம் அவருடைய அழகான கையெழுத்து.

"டவுன் டாக்டர் இல்ல சார். நான்தான். பசங்க பாத்துடக் கூடாதுன்னு பூட்டி வச்சேன். நானும் பாக்கல."

ஹரிஹரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "பையன் பாஸ் மேடம்" என்றார். கேஸ் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். உத்திராபதி சுத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் நின்றான். போய்ப் புற நோயாளிச் சீட்டு ஒன்று வாங்கி வா, காசியம்மா பெயரில் வாங்கு என்றார் ஆக்சிலியா. முதல் முறையாக அவன் ஓடினான்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கு காசியம்மா பொய் சொன்னீங்க?"

"பரீச்சையில யாரும் பெயிலாவக் கூடாதும்மா" என்றாள் அவள்.

ஆக்சிலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்க, என்ன பண்ணுது என்று கேட்டார்.

காசியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "எனக்குச் சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சு. பத்து வருசமா மாடி ஏறுனா மூச்சு வாங்குது. ராத்திரியில ரெண்டு தலகாணி..."

"பரீட்சை முடிஞ்சிடுச்சு காசியம்மா. உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

காசியம்மா குழம்பிப்போனாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. வார்டில் எல்லோருக்கும் முதுகில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"குளுருதும்மா" என்றாள். "ரெண்டு வருசமா குளுருது."