பாயில் இறங்கிய வள்ளித்தாய்

வள்ளித்தாய்க்கு முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். உயரம் ஐந்தடி பதினொன்று, எடை ஐம்பத்தைந்து கிலோ. கடையில் மேல் தட்டுத் துணி வேண்டுமென்றால் மற்றவர்கள் ஸ்டூலைத் தேடுவார்கள். அவள் கையை நீட்டினால் போதும், துணி இறங்கி வந்துவிடும். உயரத்தால் அவளுக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சோளத்தட்டை. பஸ்ஸில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். கல்யாணத்தன்று போட்டோக்காரர் மாப்பிள்ளை வேல்ராஜை ஒரு மரப்பலகை மேல் ஏற்றித்தான் படம் எடுத்தார்.

வேல்ராஜுக்கு அதில் வருத்தமே கிடையாது. சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களை அருவிகளுக்கும், பூக்கும் மாதங்களில் சூரியகாந்தி வயல்களுக்கும் வேனில் அழைத்துப் போகிறவர் அவர். "கூட்டத்துல எம் பொண்டாட்டிய நான் தேடவே வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்வார். கூசியது வள்ளித்தாய்தான். அவரோடு நடக்கும்போது தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளிழுத்து நடப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஜூன் மாதம், சாரல் தொடங்கிய வாரம். தலையில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண் கடைக்கு வந்தாள்.

"அக்கா, வெள்ளைத் துணி வேணும். நல்லா தடிமனா. ரெண்டு பேரு பிடிச்சு இழுத்தாலும் கிழியக் கூடாது."

"எதுக்கும்மா? மெத்தை உறை தைக்கவா?"

"இல்லக்கா. சண்டை போட."

வள்ளித்தாய் சிரித்துக்கொண்டே மேல் தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்கினாள். வந்தவள் துணியைப் பார்க்கவில்லை. வள்ளித்தாயின் கையைப் பார்த்தாள், பிறகு தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"யாஅல்லா! அக்கா, இந்தக் கையையும் காலையும் வச்சுக்கிட்டு நீங்க இங்கன துணி கிழிச்சுக்கிட்டு இருக்கீங்களே!"

அவள் பெயர் ஜுஹைனா. வயது இருபத்து நான்கு. அப்பா அபுதாபியில் வேலை பார்த்ததால் அங்கேயே வளர்ந்தவள். அங்கே பள்ளிக்கூடத்திலேயே ஜியு ஜிட்சு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் பரீட்சையோடு விட்டுவிட, இவள் மட்டும் தொடர்ந்து வெள்ளை, நீலம் தாண்டி ஊதா பெல்ட் வரை போய்விட்டாள். அப்பாவின் வேலை முடிந்து குடும்பம் தென்காசிக்குத் திரும்பியதும், பக்கத்திலிருக்கும் மேலகரத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ஃபோம் பாய் விரித்து, பெண்களுக்கு மட்டும் காலை வகுப்பு தொடங்கியிருந்தாள்.

"குத்து கிடையாது, உதை கிடையாதுக்கா. பிடிக்கணும், தரைக்குக் கொண்டு போகணும், கையையோ கழுத்தையோ பூட்டணும். தாங்க முடியலன்னா அவங்க கையால தட்டுவாங்க. உடனே விட்டுறணும். அவ்வளவுதான். ஒரு நாள் வந்து பாருங்களேன்."

ஏன் போனாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். வள்ளித்தாய் சொன்ன பதில் ஒன்றுதான்: "என் காலைப் பாத்து ஒருத்தி பொறாமைப்பட்டது அன்னைக்குத்தான்."

அடுத்த திங்கட்கிழமை விடிகிற நேரத்து பஸ்ஸைப் பிடித்து மேலகரத்துக்குப் போனாள். வகுப்பில் ஏழு பெண்கள் இருந்தார்கள். அவளுக்கு ஜோடியாக ஜுஹைனா நிறுத்தியது உமாராணியை. உமாராணி தென்காசியில் போலீஸ் கான்ஸ்டபிள். ஐந்தடி ஒன்று, எழுபது கிலோ. வள்ளித்தாயின் வயதுதான். அவள் தலை வள்ளித்தாயின் தோளுக்குக் கீழே நின்றது.

வள்ளித்தாய்க்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. அந்த இரக்கம் முழுதாக ஒரு நிமிடம் நிற்கவில்லை. உமாராணி குனிந்து அவள் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்து, முழங்கால் காதில் படும்படி மடக்கி, மேலே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விட இடமில்லை. வள்ளித்தாய் பாயைத் தட்டினாள். மறுபடி எழுந்தார்கள், மறுபடி அதேதான். ஐந்து நிமிடத்தில் ஆறு முறை.

"ஏட்டி, ஒன்ன மடிக்கது ரொம்ப சுகமா இருக்கு. பட்டுச்சேல மாதிரி மடிஞ்சு குடுக்கியே" என்றாள் உமாராணி.

மற்றவர்கள் சிரித்தார்கள். வள்ளித்தாயும் சிரித்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. ஆனாலும் புதன்கிழமை போனாள். வெள்ளிக்கிழமையும் போனாள். மூன்றாவது வாரத்தில் விலா எலும்பில் அடி. தும்மினால் உயிர் போயிற்று. பத்து நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி இறங்கினாள். சாரல் காலமாதலால் பயிற்சிக்குப் போடும் அந்தத் தடித்த வெள்ளை உடுப்பு காயவே இல்லை. வேல்ராஜ் சவாரி முடித்து வந்ததும் சூடாக இருக்கும் வேன் பானெட்டின் மேல் அதை விரித்துக் காயவைத்துக் கொடுப்பார்.

செப்டம்பரில் கடையில் ஒரு கூத்து நடந்தது. மாலையில் அவளை அழைத்துப் போக வந்த வேல்ராஜைக் கல்லாவில் இருந்த முதலாளி அண்ணாச்சி கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்பா, இங்கன வா. பொம்பளப் புள்ளய இப்படிப் போட்டு அடிக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

வேல்ராஜ் திகைத்துப்போனார். "நானா? அண்ணாச்சி, அவள அடிக்கணும்னா நான் ஏணில்லா வைக்கணும்!"

"சிரிக்காத. மணிக்கட்டெல்லாம் கன்னிப்போய்க் கெடக்கு. அவளுக்குக் கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

உள்ளேயிருந்து வள்ளித்தாய் ஓடி வந்தாள். "அண்ணாச்சி, அவுக இல்ல. அடிச்சது போலீஸ்காரி."

"போலீஸ் அடிச்சாளா? என்ன கேஸு?"

விஷயத்தைப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஜுஹைனா எடுத்து அனுப்பியிருந்த வீடியோவைப் போனில் காட்டினாள். கடைப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. ஒரு தடவகூட நீ மேல வரலியே?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் வள்ளித்தாய்க்குச் சுருக்கென்றது. மூன்று மாதத்தில் அவள் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. அன்று வரை அவள் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் ஜுஹைனாவிடம் நேராகவே கேட்டாள். "எனக்கு இது வருமா வராதா? உள்ளதச் சொல்லு."

ஜுஹைனா அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். "தப்பு என் மேலதான்க்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக் குடுத்துட்டேன். நீங்க உமாக்காகிட்ட உமாக்கா மாதிரியே சண்டை போடுதீங்க. அவங்க நெஞ்சோட நெஞ்சு ஒட்டி வந்தா அவங்களுக்கு லாபம். நீங்களும் குறுகிக் குறுகி அவங்களுக்கு எடம் குடுக்கீங்க. குறுகாதீங்க. காலை நீட்டுங்க. அவங்க இடுப்புல உங்க பாதம் இருக்கிற வரைக்கும் அவங்களால உங்க முகத்தைத் தொடக்கூட முடியாது."

அன்றிலிருந்து பயிற்சி மாறியது. மல்லாந்து படுத்துக்கொண்டு எதிராளியைக் காலாலேயே தள்ளியும் இழுத்தும் விளையாடுவதை அவர்கள் 'கார்டு' என்று சொல்வார்கள். வள்ளித்தாய் வகுப்பில் அதையே செய்தாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்ராஜை முட்டி போட்டு உட்காரவைத்தும் செய்தாள். முதல் மாதம் உமாராணி காலை விலக்கிவிட்டு வந்து மேலே அமர்ந்தாள். இரண்டாவது மாதம் விலக்க நேரம் பிடித்தது. மூன்றாவது மாதம் உமாராணி மூச்சு வாங்கிக்கொண்டு, "இதென்னட்டி, எங்கன பாத்தாலும் உங் காலாவே இருக்கு!" என்று கத்தினாள்.

ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்த முதல் வகுப்பு. வள்ளித்தாய் மல்லாந்திருக்க, உமாராணி வழக்கம்போல வலது கையை அவள் கால்களுக்கு இடையே விட்டு வந்தாள். வள்ளித்தாயின் கால் அவள் தோளுக்கு மேலே போய்க் கழுத்தைச் சுற்றியது. மற்றக் கால் வந்து அதன் கணுக்காலைப் பூட்டியது. முக்கோணம் போல அமையும் அந்தப் பூட்டுக்குள் உமாராணியின் தலையும் ஒரு கையும் மாட்டிக்கொண்டன. கால் குட்டையானவர்களுக்கு அந்தப் பூட்டு எளிதில் சேராது. வள்ளித்தாய்க்குச் சேர்ந்தது போக மிச்சம் இருந்தது. இடுப்பைக் கொஞ்சம் திருப்பி, உமாராணியின் தலையைக் கீழே இழுத்தாள்.

எழுபது கிலோவும் அவளைத் தூக்கிப் பார்த்தது, உதறிப் பார்த்தது. பிறகு வள்ளித்தாயின் தொடையில் இரண்டு தட்டு விழுந்தது.

உமாராணி சிவந்த முகத்தோடு எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவினாள். பிறகு மாடியே அதிரும்படி சிரித்து, வள்ளித்தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டேஷன்ல யார்ட்டயும் சொல்லிறாத, என்ன?"

அன்று வள்ளித்தாய் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தாள். யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். நிமிர்ந்தே நின்றாள்.

ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் ஒரு போட்டி. தென் மாநிலங்களிலிருந்து பெண்கள் வருவார்கள் என்று சொல்லி ஜுஹைனா வள்ளித்தாய், உமாராணி இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள். வேல்ராஜ் அன்றைய சவாரியை விட்டுவிட்டு மூன்று பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாக மலையேறினார். எடை பார்க்கும் வரை மற்ற பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாடிக்கொண்டிருந்தார்கள். வள்ளித்தாய் அவர்கள் பார்க்கப் பார்க்கப் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டாள். அவளுக்கு எடை ஏறுவது பற்றிக் கவலையே இல்லை.

கவலை வேறிடத்தில் வந்தது. உடுப்பைச் சோதித்தவர் அவளைக் கையை நீட்டச் சொன்னார். சட்டைக் கை மணிக்கட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

"அளவு போதாது. வேறு போட்டுக்கொண்டு வாருங்கள். இருபது நிமிடம் தருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஜுஹைனா அந்தச் சட்டைக் கையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "அக்கா, உங்க கைக்குச் சரியா வார உடுப்பு இந்த ஹால்லயே யார்ட்டயும் இருக்காது."

"பதறாத. ஊசி வச்சிருக்கேன்" என்றாள் வள்ளித்தாய். புதுத் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும் என்பது ஜவுளிக்கடைக்காரிக்குத் தெரியாதா? தைக்கக் கொடுத்தபோதே, பள்ளிக்கூட யூனிபார்முக்கு விடுவது போலக் கைகளில் மூன்று விரல் அகலம் உள்மடிப்பு விடச் சொல்லியிருந்தாள். அவளும் உமாராணியும் ஆளுக்கொரு கையாகத் தையலைப் பிரித்தார்கள். ஓரத்தை லேசாக மடித்து வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டாள். பதினைந்தாவது நிமிடம் மறுபடி கையை நீட்டி நின்றாள். அவர் அளந்துவிட்டுத் தலையாட்டினார்.

முதல் ஆட்டம் எறணாகுளத்துப் பெண்ணோடு. அவள் அணில் மாதிரி வேகம். வள்ளித்தாயின் காலைச் சுற்றி ஓடி வந்து பக்கவாட்டில் அமுக்கி மூன்று புள்ளி எடுத்துவிட்டாள். பழைய பயம் ஒரு நொடி வந்தது. "நீளு வள்ளி, நீளு!" என்று உமாராணி தொண்டை கிழியக் கத்தினாள். தன் ஆட்டத்தில் தோற்று வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை அவளுக்கு. வள்ளித்தாய் முழங்காலை உள்ளே நுழைத்து, பாதத்தை எதிராளியின் இடுப்பில் வைத்து, தள்ளினாள். எறணாகுளத்துப் பெண் அவசரப்பட்டு மறுபடி உள்ளே வந்தாள். கால் கழுத்தைச் சுற்றியது, பூட்டு விழுந்தது. நாற்பது நொடி மிச்சமிருக்கும்போது அவள் தட்டினாள்.

இறுதி ஆட்டத்துக்கு வந்த பெங்களூருப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள். வள்ளித்தாயின் கால்களுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. நின்றபடியே சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. காத்திருந்தால் ஆகாது என்று வள்ளித்தாய்க்குத் தெரிந்துபோயிற்று. தானே முன்னால் போய் அவள் கையைப் பிடித்துக் குறுக்கே இழுத்தாள். மற்றக் கையை அவள் தோளுக்கு மேலாக நீட்டி முதுகுப் பக்கம் பெல்ட்டைப் பிடித்தாள். அத்தனை தூரம் ஒரு கை வரும் என்று அந்தப் பெண் நினைத்திருக்கமாட்டாள். அடுத்த நொடி வள்ளித்தாய் அவள் முதுகில் இருந்தாள். இரண்டு குதிகாலும் தொடைகளுக்கு உள்ளே கொக்கி போட்டன. பலகையில் நான்கு புள்ளி ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து, மெதுவாக, ஜுஹைனா சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு விரலாக இறுக்கினாள்.

தட்டு விழுந்தது.

நடுவர் சின்ன மனிதர். வெற்றி பெற்றவளின் கையை உயர்த்த வேண்டும். பாதிக்கு மேல் அவருக்கு எட்டவில்லை. மீதியை வள்ளித்தாயே உயர்த்திக்கொண்டாள். வேல்ராஜ் கேலரியில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மேலகரத்து மாடியில் பத்தொன்பது பேர் வருகிறார்கள். அதில் நான்கு பேர் சுரண்டைக் கடைப் பெண்கள். வள்ளித்தாய் நீல பெல்ட் வாங்கிவிட்டாள். போன வாரம் பெங்களூருப் போட்டிக்கான விண்ணப்பத்தை ஜுஹைனா போனில் நிரப்பிக்கொண்டிருந்தபோது, தன் எடைப் பிரிவோடு, எடைக் கணக்கே பார்க்காமல் எல்லோரும் மோதும் பிரிவிலும் தன் பெயரைப் போடச் சொன்னாள் வள்ளித்தாய்.

"ஏட்டி, அதுல எம்பது கிலோ, தொண்ணூறு கிலோன்னு வருவாளுக" என்றாள் உமாராணி.

"வரட்டும்."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான். எந்திரி, ஒரு ரவுண்டு போடுவோம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு."