நுரையீரல் முகாமில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிப் படி ஏறாத மனிதர். மீசை முளைத்த வயதில் கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கி, அதை இழுத்து மூடும்வரை பாறையில் துளை போட்டவர். இருமத் தொடங்கினால் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கேட்டால், "தூசிமே, போய்டும்" என்பார். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகப் போகாத தூசி இனிமேல் எங்கே ஐயா போகும்? கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை சரி என்றார். சாம்பியன் ரீப்ஸ் பக்கத்து மைதானத்தில் பெரிய நுரையீரல் முகாம், எக்ஸ்ரே வண்டி வருகிறது, பழைய தொழிலாளிகள் போனில் பதிவு செய்யுங்கள் என்று எங்கள் ஆண்டர்சன்பேட்டை முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். சுரங்கத்தில் அவரோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் எல்லாருமே பெயர் கொடுத்தார்கள். "கேங்கே போவுது, நான் மட்டும் வூட்ல குந்திகினு இன்னா பண்றது?" என்று இவரும் கிளம்பினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

பதிவு செய்தவர்களின் போனுக்கு ஒரு க்யூஆர் கோடு வந்திருந்தது. வாசலில் அதைக் காட்டினால் மெஷின் பச்சை காட்டும், வந்ததாகப் பதிவாகிவிடும். உள்ளே கொட்டகையில் ஒரு பெரிய டிவி. அதில் பெயர் வரும்போது எழுந்து எக்ஸ்ரே வண்டிக்குப் போக வேண்டும். இந்த டிவி விஷயத்தை வெளியே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

போய் இறங்கினால் தேர்க்கூட்டம். வெயில் வேறு. இவருக்கு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. கேங்கின் பழைய மேஸ்திரி அண்ணன் அதைப் பார்த்தார். "நீங்க எல்லாம் அந்த மரத்தாண்ட குந்துங்கபா. போனுங்கள குடுங்க, நான் போட்டுட்டு வரேன்" என்றார். சுரங்கத்தில் அதுதான் வழக்கம். டைம் ஆபீஸ் ஜன்னலில் கேங்குக்கே ஒருவர் டோக்கன் போடுவார், மற்றவர்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முறை வந்தால் மேஸ்திரி கூப்பிடுவார். அண்ணன் எல்லார் போனையும் வாசலில் ஒவ்வொன்றாக நீட்டினார். மெஷினும் ஒவ்வொன்றுக்கும் பச்சை காட்டியது. "அட்டெண்டன்ஸ் ஆய்ட்ச்சி. கூப்டுவாங்கோ" என்று சிரித்துக்கொண்டே வந்தார். நான் வெளியே பெண்களுக்குப் போட்டிருந்த கொட்டகையில் சர்க்கரை பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோதும் மரத்தடியில் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. என்னவோ சரியில்லை என்று வாசலுக்கு ஓடினேன். இவர் போனை வாங்கிப் பார்த்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.

"ஆன்ட்டி, இவரு உள்ள வந்து வெளிய போயிட்டாருன்னு காட்டுது. டிவியில பேரு வந்துச்சு, யாரும் எழுந்து வரல, அதான் போயிட்டாருன்னு போட்டுருச்சு. ஒரு நம்பருக்கு ஒரு தடவதான். திருப்பி ஸ்கேன் ஆகாது."

"எங்கம்மா போயிட்டாரு? அதோ குந்திகினு கீறாரு பாரு!"

அவள் பார்த்தாள். பாவம், மேலே யாருக்கோ போன்கூடப் போட்டாள். அன்றைய எக்ஸ்ரே எல்லாம் நிறைந்துவிட்டது, அடுத்த முகாமுக்கு மெசேஜ் வரும் என்றார்களாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ஒரு மெஷின், அதனிடம் சண்டைகூடப் போட முடியவில்லை. வந்த ஆத்திரத்தில் அண்ணனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன ஒண்ணும் சொல்லாதமே. மண்ணு சரிஞ்சப்போ என்ன இழுத்து மேல கொண்டாந்தவன் அவன்."

அதன்பிறகு எத்தனை கெஞ்சியும், "ஒரு தபா வந்தேன் இல்ல? அதோட வுடு" என்றுவிட்டார். மற்றவர்கள் கோலார் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார்கள். இவர் போகவில்லை.

மழைக்காலம் முடியும்போது உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். உதடு நீலமான அன்று, கேட்காமலே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். டாக்டர் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிவிட்டு, "முகாமுக்கு வந்திருக்காரே, அப்பவே பார்த்திருப்பாங்களே? அந்த ரிப்போர்ட்டக் கொடுங்க" என்றார். முகாமில் நடந்ததை மகள்தான் சொன்னாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் ரெண்டும் பாறையாக இறுகிக் கிடக்கிறது, முன்னாலேயே வந்திருந்தால் ஆக்சிஜனாவது ஏற்பாடு செய்திருக்கலாம், கொஞ்ச நாள் சிரமமில்லாமல் இருந்திருப்பார் என்றார். நான் கேட்டது அந்தக் கொஞ்ச நாள் மட்டும்தானே. எனக்கு அது போதுமாயிருந்திருக்கும்.

அந்த வாரமே உயிர் பிரிந்தது. எங்கள் பௌத்த முறைப்படி பிக்கு வந்து பஞ்சசீலம் சொல்லி முடிக்கும்வரை மேஸ்திரி அண்ணன் தலை நிமிரவே இல்லை. நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தை பிறந்து சில நாளில் என் வீட்டுக்காரரின் போன் கத்தியது. அடுத்த முகாமுக்கு அவர் பெயரில் க்யூஆர் கோடு. மகள் அழித்துவிடச் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை, எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அதே பெண். போனை நீட்டினேன். மெஷின் அவர் பெயரைச் சொல்லி வரவேற்றுப் பச்சை காட்டியது. அந்தப் பெண் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அங்கிள் எங்க? உள்ள வரச் சொல்லுங்க, இந்தத் தடவ நானே கூட்டிட்டுப் போறேன்."

"போன தபா வந்தவர வந்து போயிட்டாருன்னு போட்டீங்க. இப்ப நெசமாவே போயிட்டாரும்மா. வரலன்னு போட்டுக்கோ" என்றேன்.