கத்தியால் நறுக்கிய கடைசிப் பக்கம்

வியாழக்கிழமை காலை கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுச் செய்யது மச்சானின் மகள் ஆயிஷா வந்து நின்றாள். "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாக." நான் தராசைக் கீழே வைக்குமுன் என் மகள் வள்ளி அலறிக்கொண்டு அங்கே ஓடினாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சுருக்கென்றது. நான் போனால் இப்படி அழுவாளா? செய்யது மச்சானைப் பற்றி எழுதுவதென்றால், வெட்கத்தை விட்டு இந்தப் பொறாமையைத்தான் முதலில் எழுத வேண்டும்.

சுதந்திரம் வந்த வருஷம் பாம்பனில் அடுத்தடுத்த வீட்டுக்குக் குடிவந்தோம். அவர் சரக்குத் தோணி ஓட்டியவர், கைநாட்டு. நானோ ராமநாதபுரம் போய்ப் படித்தவன். பொட்டலம் மடிக்க என் கடைக்கு மதுரை ரயிலில் பழைய வார இதழ்கள் கட்டுக்கட்டாக வரும். ஒருநாள் ஒன்றைப் புரட்டிப் படம் பார்த்தவர் கேட்டார்: "மச்சான், கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பொழுது குடுங்க. புள்ளைக வாசிச்சிட்டுத் தந்துருவாக."

அன்று தொடங்கியது வழக்கம். சாயங்காலம் அவர் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் வாசிப்பார்கள்: அவர் மனைவி, ஆயிஷா, பிறகு இதழைக் கொண்டுபோன என் வள்ளியும். அவர் கயிறு முறுக்கியபடி கேட்டுக்கொண்டே இருப்பார். திடீரென்று, "நில்லு தாயி. அவென் எதுக்குப் பொய் சொன்னான்?" என்பார். எல்லோரும் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த வரி. அந்தச் சிரிப்புச் சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். வீட்டுக்கு வந்தால் வள்ளிக்கு ஒரே மாமா புராணம். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஒரு கதையின் கடைசிப் பக்கத்தைக் கத்தியால் நறுக்கிப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு இதழைக் கொடுத்தனுப்பினேன். கூட்டம் சப்பென்று கலையட்டும் என்று காத்திருந்தேன். எங்கே கலைந்தது! முன்னைவிடப் பெரிய கூச்சல். வள்ளி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அய்யா, கடசிப் பக்கத்தக் காணோம்! மாமா ஆளுக்கொரு முடிவு சொல்லச் சொன்னாக. என் முடிவுதேன் நல்லாருக்குன்னாக!"

நான் பெட்டியைப் பூட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து, போன மாதம் அவர் படுக்கையில் விழுந்தார். மனசு கேட்காமல் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். வள்ளியும் கூட வந்தாள். தாளைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"அன்னைக்கே தெரியும் மச்சான். புள்ளைக கிழிச்சா கோணலா இருக்கும். இது பொட்டலத்துக்கு நறுக்குற கை."

வள்ளி என்னை முறைத்தாள். அவளிடம் மூன்று வருஷமாக அவர் மூச்சு விடவில்லை. அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குப் பொறாமை.

"சரி, வாசிங்க. நீங்க வாசிச்சு நாங்க கேட்டதே இல்ல" என்றார் மச்சான்.

வாசித்தேன். முதலில் திக்கியது, பிறகு குரல் தெளிந்தது. முடித்ததும் வள்ளி கேட்டாள்: "அய்யா, ஒங்களுக்கு இவ்வளவு நல்லா வாசிக்கத் தெரியுமா?" பதினோரு வயது மகள் பெற்ற தகப்பனிடம் கேட்கிற கேள்வியா இது!

நேற்றுச் சாயங்காலம் அவள் ஓர் இதழைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கிழிக்காம வாசிங்கய்யா." வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள். "நில்லுங்க. அவென் எதுக்குப் பொய் சொன்னான்?" நான் பதில் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் மகள் உங்கள் கேள்வியைக் கேட்கிறாள், மச்சான். இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள்.