கப்பலேற வேண்டிய வேட்டி

எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது இந்த இருவருக்கும் நடுவில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அப்பச்சியின் வேட்டி காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கையை நம்பாதே, கன்னத்தில் வைத்தால்தான் ஈரம் தெரியும் என்று சொல்லி என்னை வேலைக்கு வைத்தவள் ஆத்தா.

அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐப்பசி அடைமழை. அப்பச்சி பினாங்கில் ஒரு கடையில் வேலையாயிருந்தார். போனாரென்றால் மூன்று வருஷம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம். அன்றைக்கு மத்தியானப் பஸ்ஸில் புதுக்கோட்டை, அங்கிருந்து ரயில், நாகப்பட்டினத்தில் கப்பல். அவர் போவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் மாட்டு வண்டியில் நானும் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். பினாங்கிலிருந்து பிஸ்கட் டின் வேறு வரும். ஆள் போனால்தானே டின் வரும்? காலையிலிருந்தே பாவாடையை மாற்றிக்கொண்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

வண்டி பூட்ட முடியாமல் செய்தது வேட்டிதான். முந்தின நாள் ஆத்தா அப்பச்சியின் துணி அத்தனையையும் கிணற்றடியில் துவைத்துப் பிழிந்துவிட்டாள். பயணம் போனவருடைய துணியை அவர் போன பிறகு துவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் முன்கூட்டியே துவைக்கிறேன் என்றாள். நியாயம்தான். ஆனால் அவள் துவைக்கக் குனிந்தபோதே வானம் கறுத்துத்தான் கிடந்தது. துணியை உதறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடக்க வழியில்லை. தூணுக்குத் தூண் கொடி கட்டி வேட்டியும் சட்டையும் துண்டும் தொங்கின. சாப்பிட உட்கார்ந்தால் தலையில் சொட்டியது. விடிந்ததும், பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி போடுகிற மூங்கில் கூடையை எடுத்து, நெருப்புச் சட்டியின் மேல் கவிழ்த்து, அதன் மேல் வேட்டியை விரித்தார்கள். ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. பத்துமுழ வேட்டி ஒரு பக்கம் காய்வதற்குள் மறுபக்கம் சில்லிட்டுப் போகும்.

எதிர் அறையில் குடியிருந்த பெரியப்பச்சிக்கு, அதாவது அப்பச்சியின் அண்ணனுக்கு, இருப்புக் கொள்ளவில்லை.

“மழை நாள்ல யாராச்சும் பெட்டியைக் காலி பண்ணித் தொவைப்பாங்களா? ஏண்டா, என் வேட்டி ஒண்ணைக் கட்டிக்கிட்டுக் கெளம்பேன்.”

ஆத்தா அவர் முகம் பார்த்துப் பேசமாட்டாள். பேச வேண்டியதை என்னிடம் சொல்வாள், அவர் காதில் விழும்.

“எரவல் துணியில கப்பலேறுறது நல்லாவா இருக்குன்னு கேளு. கடல் தாண்டிப் போறவுக.”

 பெரியப்பச்சியும் சாத்திரம் பார்க்கிறவர். ஈரத்துணியோடு வாசல்படி தாண்டவும் கூடாது. அது கொள்ளி வைக்கப் போகிறவன் கட்டுகிற கோலம். ஆக, வேட்டி காய வேண்டும், அதுவும் அவருடைய சொந்த வேட்டியே காய வேண்டும். அப்பச்சி துண்டோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வானத்தைப் பார்ப்பார், வேட்டியைப் பார்ப்பார், ஆத்தாவைப் பார்ப்பார், மறுபடி வானத்தைப் பார்ப்பார்.

நான் நொடிக்கொரு தரம் கன்னத்தை வைத்தேன். கரைப் பக்கம் காய்ந்தது. “காஞ்சுருச்சு” என்று ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தால், அங்கே ஈரம். இன்னொரு தடவையும் அப்படியே. எனக்கு என் கன்னத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அது அழுது அழுது கெட்டுப்போன கன்னமோ என்னவோ.

மூன்றாம் தடவை அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்தேன். ஆத்தா செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு, விரலை நனைத்து நனைத்து வேட்டியில் தெளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. இஸ்திரிப் பெட்டி போடுவதற்கு முன்னால் வண்ணார் வீட்டில் இப்படித்தான் தெளிப்பார்கள். அப்பச்சியிடம் ஓடினேன்.

“ஆத்தா பெட்டி போடத் தண்ணி தெளிக்குது. ஆயிருச்சு அப்பச்சி, கெளம்புங்க.”

அப்பச்சி நடப்பதை நிறுத்தினார். கிளம்புவார் என்று பார்த்தேன். என் தலையில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியப்பச்சியிடம் போனார்.

“இன்னைக்கு வேணாம்ணே. கப்பலுக்கு இன்னும் நாள் கெடக்கு. நாளைக்குப் போறேன்.”

“வேட்டிக்காகவா?”

“ஆமாண்ணே, வேட்டிக்காகத்தான்.”

பஸ் போய்விட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ராத்திரி சோறு வேண்டாம் என்று குப்புறப் படுத்தேன். யாரும் என்னைச் சமாதானம் செய்ய வரவில்லை. அப்பச்சி சாப்பிட்ட இலைக்கு முன்னால் ஆத்தா உட்கார்ந்திருந்தாள். 

மறுநாள் வெயில். கண் கூசுகிற வெயில். ஆத்தா எழுந்து வருவதற்குள் நானே வேட்டியை இழுத்துக்கொண்டு போய் முற்றத்துக் கொடியில் போட்டேன். பல் விளக்கிவிட்டு வருவதற்குள் மொறமொறவென்று ஆகிவிட்டது. இந்தக் கரை, அந்தக் கரை, நடுப்பகுதி என்று ஒவ்வோர் இடமாகக் கன்னத்தை வைத்துப் பார்த்து, சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஆத்தா வாங்கித் தன் கன்னத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பச்சி வந்து நின்றார்.

“இன்னும் ஈரமாத்தான் இருக்குங்க” என்றாள்.

நான் விடுவேனா? வேட்டியைப் பிடுங்கி மறுபடி வைத்துப் பார்த்தேன்.

“இல்லை அப்பச்சி. ஆத்தா பொய் சொல்லுது.”

அப்பச்சி என்னைப் பார்க்கவில்லை. “ஆத்தா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். நான் வேட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வண்டியில் அவர் மடியில்தான் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அந்த வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி. அதில் துளிகூட ஈரம் இல்லை.