லிஃப்டுக்கு ஒரு நாள்

தை பிறந்துவிட்டால், பாரிசின் லா ஷப்பலில் நிரோஜினி வேலை செய்யும் புடவைக்கடைக்கு ஒரு தொல்லை வந்து சேரும். தொல்லையின் பெயர் சேந்தன். அவளுடைய கணவன்தான். சனிக்கிழமைகளில் அவளைக் கூட்டிப்போக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கடை பூட்டுவதற்கு வெகுநேரம் முன்பே வந்து கதிரையில் குந்திவிடுவான். கூறைப் புடவை எடுக்க வந்த பெண்கள் சரிகையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் பனிமலையைப் பற்றி அளந்து விடுவான். யாரும் கேட்டார்களா என்றால், ஒருவரும் கேட்கவில்லை.

பத்தொன்பது வயதில் பாரிசுக்கு வந்தவன் அவன். உணவகத்தில் கோப்பை கழுவி, பிரெஞ்சு படித்து, ரயில் பெட்டி திருத்தும் பட்டறையில் மின்வேலைக்குச் சேர்ந்தான். நகருக்கு வெளியே கார்ஜில் ஒரு வீடும் எடுத்தான். அந்த உழைப்பை நிரோஜினி ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. பட்டறையின் விளையாட்டுச் சங்கம் அவனைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போன பிறகுதான் வினை தொடங்கியது. முதல் சில வருடங்கள் அவனுக்கு, ஆட்களைக் கம்பியில் மலைக்கு ஏற்றும் லிஃப்ட்தான் தெய்வம். லிஃப்டில் ஏறும் அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றவே மாட்டான். பனியெல்லாம் உருகிச் சித்திரை வெயில் அடிக்கும்போதும் அது ஒரு பதக்கம்போலத் தொங்கும். அது வேலையிடத்து அட்டையா என்று புடவை எடுக்க வந்த ஒரு அம்மா கேட்ட அன்று மட்டும் கொஞ்சம் முகம் சுண்டிப் போனான்.

பிறகு ரோமன் என்ற சகவேலைக்காரன் அவனை வேறு பாதைக்கு இழுத்தான். சறுக்குப் பலகையின் அடியில் பின்னால் வழுக்காத ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் மலை ஏறி, ஒருவரும் சீர்செய்யாத பனியில் இறங்கி வருவது. ரந்தோ என்பார்கள் அதை. அன்றோடு அட்டை கழன்றது, வாய் நீண்டது.

"லிஃப்டில போறவன் மனிசனோ? அவன் மூட்டை. மூட்டையைத்தான் கம்பியில கட்டி ஏத்துறது," என்று கடையில் இருந்து சொல்வான். அந்த ரந்தோ வீரர்களும் காலையில் முதல் லிஃப்டைப் பிடித்துப் பாதி மலை ஏறிவிட்டுத்தான் பட்டையை ஒட்டத் தொடங்குகிறார்கள் என்பதை நிரோஜினி தன் கண்ணால் கண்டிருக்கிறாள். கேட்டதற்கு, அது வேறு என்று சொன்னான். அவளும் விட்டுவிட்டாள்.

விடுமுறையில் மலையில் இருப்பது ஆறு நாள். ஐந்து நாள் ரந்தோ, ஒரு நாள் லிஃப்டும் குடும்பமும். இதற்கு அவன் வைத்த பெயர் சமநிலை. தராசைத் தானே பிடித்துக்கொண்டு தட்டு சரியாக நிற்கிறது என்று சொல்லும் வியாபாரியைத்தான் நிரோஜினி நினைத்துக்கொண்டாள். பிள்ளைகள் சறுக்குப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். இவள் வாடகை அறையில் சொதி வைத்துக்கொண்டும் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டும் வருடக்கணக்காக இருந்தாள். போன வருடம் அலுத்துப்போய், யாரிடமும் கேட்காமல் தொடக்க வகுப்பில் சேர்ந்தாள். விழுந்தாள், எழுந்தாள், கற்றுக்கொண்டாள். ஒன்றுதான் மிச்சம். உயரத்துக்குப் போகும் கதிரை லிஃப்ட். கால் இரண்டும் பள்ளத்தின்மேல் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தாலே அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முதல் தடவை அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அது பெரிய ஆசையும் இல்லை.

"திங்கக்கிழமை எங்கட வகுப்பை மேல கூட்டிக்கொண்டு போகினம். ஒருக்கா என்னோட வாங்கோவன்," என்று இந்த வருடம் மலைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் கேட்டாள்.

லிஃப்ட் நாள் வெள்ளிக்கிழமை என்றும், திட்டத்தை மாற்ற முடியாது என்றும் சேந்தன் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் புதுக் கருவியைத் துடைக்கத் தொடங்கினான். பனிச்சரிவில் ஒருவன் புதைந்துபோனால், எங்கே கிடக்கிறான் என்று மற்றவர்களுக்குச் சமிக்ஞை கொடுக்கும் கருவி அது. இதுவரை சங்கத்திடம் இரவல் வாங்கிக் கட்டியவன், இந்த வருடம் சொந்தமாக வாங்கியிருந்தான். ஊருக்குக் காட்டுவதற்குப் பெட்டியோடு கடைக்கும் கொண்டுவந்திருந்தான்.

திங்கள் காலை, கதிரை லிஃப்டின் அடியில் இரண்டு வரிசை நின்றது. ஒன்று நிரோஜினியின் வகுப்பு. மற்றது ரந்தோ கூட்டம். சமிக்ஞை வருகிறதா என்று பார்க்க ரோமன் தன் கருவியை நீட்டிக்கொண்டு நிற்க, ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கீச் கீச் என்று சத்தம் வந்தது. சேந்தன் நடந்தான். சத்தம் இல்லை. திரும்பவும் நடந்தான். மூச்சே இல்லை. ரோமன் கருவியை வாங்கி பற்றறி மூடியைத் திறந்தான். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து கட்டியாகக் கிடந்தது. நடுவே ஒரு சிவப்புப் பொட்டு. ரோமன் முகர்ந்து பார்த்துவிட்டு, கடுகுச் சாந்தா என்று கேட்டான்.

நிரோஜினிக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, எஞ்சினுக்கும் சந்தனப் பொட்டு வைப்பிக்கிற வழக்கம் தெரிந்தவள் அவள். அதே கணக்கில், லிஃப்ட்காரரை மூட்டை என்று ஏசிய வீரன், இந்தக் கருவியையும் திறந்து குருக்களிடம் நீட்டியிருக்கிறான். பற்றறிக்கும் சேர்த்துப் பொட்டு. அதைத் துடைக்கவும் மனம் வரவில்லை.

சமிக்ஞை இல்லாதவனைக் கூட்டிப்போக முடியாது என்று ரோமன் மரியாதையாகத்தான் சொன்னான். உபரிக் கருவியும் இல்லை. கூட்டம் ஏறிப் போய்விட்டது. சேந்தன் அசடு வழிய நின்று, பிறகு நிரோஜினியின் பக்கம் வந்தான்.

"இண்டைக்கு உன்னோட வாறன். நீ கேட்டனீதானே," என்றான், ஏதோ தானம் கொடுக்கிறவன்போல. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கதிரையில் இடம் விட்டாள்.

நிலம் கீழே போகப் போக அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அவனோ, இறங்கும்போது முழங்காலை எப்படி மடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தத் தொடங்கினான்.

"கோயிலுக்கு எப்ப போனனீங்கள்?" என்று அவள் இடைமறித்தாள்.

"போன வெள்ளிக்கிழமை."

"அண்டைக்கு மேலதிக வேலை எண்டு சொன்னனீங்கள்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "பயமோ?"

அவன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஓம். போன வருசம் எங்களுக்கு முன்னால ஒரு சரிவுப் பனி முழுக்க இடிஞ்சு இறங்கினது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பயம்தான்."

வருடா வருடம் கடைக் கதிரையில் இருந்து ஊரை இளக்காரம் செய்த வாய் அது. நிரோஜினிக்கு இரக்கம் வந்தது; அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது.

"எனக்கும் இந்தக் கதிரை எண்டாப் பயம். நான் ஒரு கோயிலுக்கும் போகேல்லை. உங்களைத்தான் கேட்டனான்," என்றாள்.

உச்சி வந்தது. அவள் பலகை நுனியைத் தூக்கி, எழுந்து, தள்ளாடாமல் சறுக்கி விலகினாள். சேந்தன் எழும்பவே இல்லை. அவள் சொன்ன சொல்லிலேயே மனம் நின்றுபோய் அப்படியே உட்கார்ந்திருந்தான். லிஃப்ட்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினான். பின்னால் வரிசையாகக் கதிரைகள் அந்தரத்தில் ஆடி நிற்க, இரண்டு பேர் அவனை அக்குளில் பிடித்து இறக்கி வைத்தார்கள்.

நிரோஜினி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். அவன் நிமிர்ந்து பலகையைச் சரிசெய்யும்வரை பொறுத்தாள். பிறகு முன்னால் இறங்கினாள். அவன் பின்னால் வந்தான். முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.